ரொட்டி வேனில் ஏறிய உதாரணம்

பல்கலைக்கழகத்தில் இரண்டு வருடம் எனக்குப் பெயரே இல்லை. எல்லாரும் என்னை ‘உதாரணம்’ என்றுதான் கூப்பிட்டார்கள். சாப்பாட்டுக் கூடத்தில் நுழைந்தால், "உதாரணம் வருது, நகந்து உக்காருலா" என்பார்கள். நூலகத்தில் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க மறந்தால், "உதாரணமே இப்படின்னா மத்தவங்க என்ன பண்றது?" என்பார்கள். எழுபதுகளின் கடைசி அது. கோலாலம்பூரில் இயந்திரப் பொறியியல் படித்துக்கொண்டிருந்தேன்.

இந்தப் பட்டத்தை எனக்குக் கொடுத்தவர் எங்களுக்கு முதலாண்டில் வேதியியல் எடுத்த விரிவுரையாளர். ஈப்போக்காரர். நாற்பதைத் தாண்டியும் கல்யாணம் செய்துகொள்ளாதவர். எந்த வெயிலிலும் டை கட்டுவார். ஐந்து வயதுக் குழந்தையைக்கூட ‘நீங்க’ என்றுதான் பேசுவார். விரிவுரை மண்டபத்தில் நின்று பார்த்தால் ரப்பர் தோட்டத்திலிருந்து வந்த தமிழ்ப் பிள்ளைகளின் முகம் அவருக்குத் தென்படவே இல்லையாம். அது அவரைத் தூங்கவிடவில்லை. மூன்றாம் படிவம், அதாவது ஒன்பதாம் வகுப்பு முடித்ததும் தோட்டத்துப் பிள்ளைகள் வேலைக்குப் போகிறார்கள், அல்லது கலைப்பிரிவுக்குப் போகிறார்கள். அவர்களை அறிவியல் பிரிவுக்கு இழுத்துவர வேண்டும் என்று ஒரு திட்டம் போட்டார். விடுமுறையில் பேராக் மாநிலத்துத் தோட்டங்களுக்குப் போய்ப் பேசுவது, வருகிற பிள்ளைகளுக்கு ஈப்போவில் விடுமுறை வகுப்பு நடத்துவது, பல்கலைக்கழகம் வரை வந்து சேர்ந்தவர்களுக்குப் பக்கத்தில் நிற்பது. பல்கலைக்கழகம் அனுமதி கொடுத்தது. இரண்டு பெட்டி கண்ணாடிக் குடுவைகளும் கொடுத்தது. வண்டி மட்டும் கொடுக்கவில்லை.

ஒருநாள் என்னை அறைக்குக் கூப்பிட்டார்.

"நீங்க எங்களோட வரணும். ஒண்ணும் செய்ய வேணாம். வந்து நின்னா போதும்."

"நின்னா மட்டும் போதுமா சார்?"

"கொஞ்சம் பேசலாம். ஆனா முக்கியமா நிக்கணும். பிள்ளைங்க ஒரு உதாரணத்தைக் கண்ணால பாக்கணும்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. எங்கள் வகுப்பில் பெண்கள் இரண்டே பேர். இன்னொருத்தி சீனப்பெண், அவள் அப்பாவுக்குச் சொந்தமாகக் கடைசல் பட்டறை இருந்தது. நான் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். அம்மா மரம் சீவினார். அப்பா ரப்பர் ஷீட்டைப் புகை போடும் ஸ்டோரில் வேலை செய்தார். தமிழ்ப்பள்ளி முடித்து, புகுமுக வகுப்பில் ஒரு வருடம் மலாய்மொழியோடு மல்லுக்கட்டி, அதற்குப் பிறகு இடைநிலைப்பள்ளிக்குப் போனவள். அவர் தேடிய சரக்குக்கு என்னை விட்டால் வேறு ஆளில்லை.

எங்களோடு இன்னொருவரும் வந்தார். வேதியியல் இறுதியாண்டு மாணவர். நான் ‘அண்ணே’ என்று கூப்பிடுவேன். செய்முறை காட்டுவது அவர் பொறுப்பு.

வண்டிப் பிரச்சினையைச் சாருடைய பால்ய நண்பர் தீர்த்துவைத்தார். அவர் ஈப்போவில் ரொட்டி அடுப்பு வைத்திருந்த தமிழ் முஸ்லிம். ஞாயிற்றுக்கிழமைகளில் தன் வேனைச் சும்மா கொடுத்தார். வேனின் இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு ஒரு ரொட்டி வரைந்திருக்கும். உள்ளே ஏறினால் வெண்ணெய் வாசனை தூக்கும். காலையில் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு ஏறினாலும் ஐந்தாவது மைலில் பசிக்கும்.

முதலில் போனது ஈப்போவுக்கு வடக்கே ஒரு தோட்டம். வேலையாட்களின் வரிசை வீடுகளான லயத்துக்குள் வேன் நுழைந்ததும் பிள்ளைகள் நாலா பக்கமிருந்தும் ஓடிவந்தார்கள். இவ்வளவு ஆர்வமா என்று சாருக்குக் கண் கலங்கிவிட்டது. பின்னாலேயே பெண்கள் சில்லறையோடு வந்தபோதுதான் விஷயம் புரிந்தது.

"பண்ணு இருக்கா தவுக்கே?" என்றார்கள், சாரை ரொட்டி முதலாளி என்று நினைத்து.

"பண் இல்லம்மா. நாங்க அறிவியல் கொண்டு வந்திருக்கோம்."

"அது என்னா, புது பிஸ்கட்டா?"

ஏமாற்றத்தோடு பாதிப் பேர் திரும்பிப் போனார்கள். மீதிப் பேரைத் தோட்டத்துப் பொதுக் கூடத்தில் உட்கார வைத்தோம். நான் பேச எழுந்தேன். முந்தின இரவு மனப்பாடம் செய்த உரை. "அறிவியல் என்பது ஆழ்கடல். அதில் மூழ்கி முத்தெடுக்க அஞ்சலாகாது" என்று தொடங்கியது. இன்றைக்கு நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. பிள்ளைகள் என்னைப் பார்க்கவே இல்லை. எல்லாக் கண்களும் அண்ணன் மேசையில் வரிசைப்படுத்திக்கொண்டிருந்த குடுவைகள் மீதே இருந்தன.

பேசி முடித்ததும், யாருக்காவது கேள்வி இருக்கிறதா என்று சார் கேட்டார். தோட்டத்து மண்டோர் எழுந்தார். வேலையாட்களை மேய்க்கிறவர் என்பதால் அவர் குரலே கனமாக இருந்தது.

"பாப்பா எஞ்சினியருக்குப் படிக்குதுன்னு சொன்னீங்க. இந்த ஹாலு டிவில சத்தம் மட்டும் வருது, படம் வரல. கொஞ்சம் பாக்கச் சொல்லுங்க."

"ஐயா, நான் மெக்கானிகல். டிவி எலக்ட்ரிகல் ஆளுங்க வேலை."

"அப்ப அந்தத் தண்ணி பம்பு? அது மெக்கானிகல்தானே?"

"மெக்கானிகல்தான். ஆனா பம்பு பாடம் இன்னும் எடுக்கல."

"எப்ப எடுப்பாங்க?"

"அடுத்த வருஷம்."

"சரி, அடுத்த வருஷம் வா" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். திரும்பும் வழியில் சார் என்னைத் தேற்றினார். "எதிர்பார்ப்பு உருவாகியிருக்கு. அது நல்ல ஆரம்பம்" என்றார்.

அடுத்தது பாரிட் புந்தார் பக்கம். இந்த முறை சார் இரண்டு கூடை பண் வாங்கிப் போட்டுக்கொண்டார். கூட்டத்துக்குக் குறைவில்லை. அண்ணன் அன்றைக்கு வெளுத்து வாங்கினார். தண்ணீர் மாதிரி இருந்த ஒன்றில் தண்ணீர் மாதிரி இருந்த இன்னொன்றை ஊற்றினார். ரோஜா நிறமாக மாறியது. மூன்றாவதை ஊற்றினார். மறுபடியும் தண்ணீராகிவிட்டது. கூடமே கைதட்டியது. தோட்டத்துக் கோயில் பூசாரி மட்டும் முன்னால் வந்து குடுவையை மோந்து பார்த்துவிட்டுத் திருநீறு பூசிக்கொண்டார். சார் உற்சாகமாகிப் பிள்ளைகளைக் கேட்டார்: "பெரியவங்களானதும் நீங்க என்ன ஆகப் போறீங்க?"

"மேஜிக்காரன்!" என்று ஒரே குரலில் பதில் வந்தது.

அதற்குப் பிறகு தோட்டத்துக் கிராணி வீட்டில் தேநீர். ஆபீஸ் கணக்கெழுதுபவர் என்பதால் கிராணி வீடு கொஞ்சம் வசதியான வீடு. அவர் மனைவி எனக்கு மட்டும் இரண்டாவது வடை வைத்தார். அப்போதே எனக்குச் சந்தேகம் தட்டியிருக்க வேண்டும். எந்த ஊர், அப்பா என்ன வேலை, கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர், சமைக்கத் தெரியுமா என்று வரிசையாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். திட்டத்தில் அக்கறை உள்ள அம்மாள் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு அவர் சார் பக்கம் திரும்பினார்.

"சார், எங்க அண்ணன் மவன் ஒருத்தன் இருக்கான். பாரிட் புந்தார்ல நெல அளவை ஆபீஸ்ல வேல."

"ரொம்ப நல்லது. அறிவியல் பிரிவா?"

அம்மாள் கொஞ்சம் குழம்பினார். "அவனுக்கு இருவத்தெட்டு வயசு ஆகுது சார்."

"வயசு ஒரு தடையே இல்ல. தைரியமா விண்ணப்பிக்கச் சொல்லுங்க" என்றார் சார்.

அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து வடையை மென்றுகொண்டிருந்தார். தனக்கு அப்போதே புரிந்துவிட்டது என்று பிற்பாடு சொன்னார். "ஏன் அங்கயே சொல்லல?" என்று கேட்டேன். "வாய்ல வட இருந்துச்சு" என்றார்.

அடுத்த சனிக்கிழமை நான் வீட்டில் இருந்தேன். தலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிக்கப் போகும் சமயம். எங்கள் லயத்து வாசலில் ஒரு டாக்சி வந்து நின்றது. எங்கள் லயத்துக்கு டாக்சி வந்தால் ஒன்று பிரசவம், இல்லையென்றால் சாவு. எல்லா வீட்டு ஆட்களும் வெளியே வந்துவிட்டார்கள். டாக்சியிலிருந்து கிராணி மனைவி இறங்கினார். பின்னால் இரண்டு பெரியவர்கள், ஒரு தட்டு ஆரஞ்சுப் பழம், எண்ணெய் வைத்து வாரிய ஒரு வாலிபர். நான் எண்ணெய்த் தலையோடு சமையலறைக்குள் ஓடினேன்.

அம்மா வெளியே போனார்.

"யாரு நீங்க? என்ன விசயம்?"

"பொண்ணு பாக்க வந்தோம்."

"எந்தப் பொண்ண? யாரு சொன்னா?"

"யூனிவர்சிட்டி சாரே சொன்னாரு. விண்ணப்பிக்கச் சொன்னாரு."

பிறகு அம்மா என் பெயரைக் கூப்பிட்டார். அந்தக் குரலில் என் பெயரைக் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது. நடந்தது முழுவதையும் கதவுக்குப் பின்னால் நின்றபடியே சொன்னேன். வந்தவர்கள் நல்ல மனிதர்கள். விஷயம் புரிந்ததும் அவர்களே சிரித்துவிட்டார்கள். அந்த வாலிபர்தான் எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தார். அவருக்கு வேறு பெண் மீது மனம் இருந்ததாகப் பிற்பாடு கேள்வி. அம்மா தேநீர் போட்டுக் கொடுத்து, பழத்தையும் திருப்பிக் கொடுத்து அனுப்பினார்.

டாக்சி போனதும் அப்பா மெல்ல, "பையன் கவர்மெண்டு வேலையாமே" என்றார். அம்மா ஒரு பார்வை பார்த்தார். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

"ஒன்னைய வேன்ல ஏத்தித் தோட்டம் தோட்டமா காட்டிக்கிட்டு வர்றாங்களா? ஒங்க யூனிவர்சிட்டி தரகு வேலையும் பாக்குதா?"

"இல்லம்மா, அது அறிவியல்..."

"நாளைக்கு எங்க போறீங்க?"

"பாகான் டத்தோ."

"நானும் வாரேன்."

மறுநாள் காலை, பெரிய ரோட்டு முக்கில் வேன் வந்து நின்றதும், அம்மா முன்கதவைத் திறந்து சாருக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டார். வழக்கமாக முன்னால் உட்காரும் அண்ணன் பண் கூடைகளோடு பின்னால் வந்தார். ஈப்போவைத் தாண்டியதும் கேட்டார்: "அடுத்தவங்க வூட்டுப் புள்ளைக்கு மாப்புள்ள பாக்குறீங்களே, நீங்க ஏன் சார் இன்னும் கல்யாணம் பண்ணல?"

காம்பார் தாண்டும் வரை சார் ரோட்டை மட்டும் பார்த்து ஓட்டினார். தெலுக் அன்சனில் வண்டியை நிறுத்தி அம்மாவுக்குக் காப்பி வாங்கிக் கொடுத்து, நில அளவை வாலிபர் விஷயத்தில் தனக்கு ஏற்பட்ட குழப்பத்துக்கு முறைப்படி வருத்தம் தெரிவித்தார். டையைச் சரிசெய்துகொண்டு அவர் அதைச் சொன்ன விதத்தில் அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

பாகான் டத்தோவில் நாங்கள் போனது தென்னந்தோட்டம். கடல் பக்கத்தில் இருந்ததால் காற்று உப்பாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் கூடத்தில் பிள்ளைகளோடு பெற்றோரும் நிறைய வந்திருந்தார்கள். கோயில் மைக்கைக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். அம்மா முதல் வரிசையில் போய் உட்கார்ந்தார். சார் முன்னுரையை முடித்துவிட்டு, "இதோ நம்ம உதாரணம்" என்று என்னை அழைத்தார்.

ஆழ்கடலை இந்தமுறை விட்டுவிட்டேன். "சிறு வயதிலிருந்தே எனக்கு அறிவியலில் மிகுந்த ஆர்வம்" என்று தொடங்கினேன்.

"எப்ப?" என்றார் அம்மா.

கூடத்தில் சிலர் சிரித்தார்கள்.

"இல்ல, எப்பன்னு கேக்குறேன். ரெண்டாம் பாரத்துல கணக்குல செவப்பு மை வாங்கிட்டு, ரிப்போட் கார்டை அரிசிப் பானைக்குள்ள ஒளிச்சு வச்சவதானே நீ?"

சார் பாதி எழுந்தார். "அம்மா, கொஞ்சம் பொறுங்க..."

"பேசட்டும் சார்!" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். "அந்தக்கா பேசட்டும்!"

அம்மா மேடைக்கே வந்துவிட்டார். என் கையிலிருந்து மைக்கை வாங்கினார். மரம் சீவும் இடத்தில் ஒரு நிரையிலிருந்து இன்னொரு நிரைக்குப் பேசிப் பழகிய குரல் அவருடையது. மைக் தாங்கவில்லை; வீல் என்று கத்தியது. யாரோ ஓடிப்போய்ச் சத்தத்தைக் குறைத்தார்கள்.

"இந்தப் புள்ள புத்திசாலின்னு சார் சொன்னாரு. அதெல்லாம் இல்ல. பிடிவாதக்காரி. கணக்கு வரலன்னு வாத்தியாரு சொன்னாரு. வரவைக்கிறேன்னு இவ உக்காந்தா. ராத்திரி பத்து மணிக்கு லயத்துல லைட்டு நிப்பாட்டிருவாங்க. அப்புறம் மண்ணெண்ண வெளக்குதான். ஒரு தடவ தூங்கி விழுந்து முன்தல முடியக் கருக்கிக்கிட்டா. வூட்டு வேல ஒண்ணு செய்ய மாட்டா. கேட்டா படிக்கிறேம்பா. எனக்கு ஆத்திரமா வரும். ஆனா அதுக்கப்புறம் ஒரு பாடத்துலகூட இவ பெயிலானதில்ல."

கூடம் கைதட்டியது. என்னால் சும்மா இருக்க முடியவில்லை. பக்கத்தில் போய் மெதுவாகச் சொன்னேன்: "அம்மா, போன டெர்ம் ஒரு பேப்பர் பெயில்மா."

மெதுவாகத்தான் சொன்னேன். ஆனால் மைக் எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்தது.

"என்னடி?" என்றார் அம்மா. அதையும் மைக் சொன்னது. "எதுல?"

"தெர்மோடைனமிக்ஸ்."

"அப்படின்னா?"

"சூடு பத்தின பாடம்மா."

"சூடா? அப்பன் நாள் பூரா பொகையில வேவுறான். நான் வெயில்ல வெந்துட்டு வந்து அடுப்புல வேவுறேன். குடும்பமே சூட்டுல கெடக்கு. அதுலயாடி போயி பெயிலான?"

கூடம் இரண்டாகப் பிளந்துவிடும் போலிருந்தது. சார்கூடக் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிரிப்பு அடங்கும் நேரத்தில் நடு வரிசையில் ஒரு பெண் எழுந்து நின்றாள். மூன்றாம் படிவம், ஒல்லியாக, இரட்டைச் சடை.

"அக்கா, பெயிலானா வெளிய அனுப்பிற மாட்டாங்களா?"

"மாட்டாங்க. மறுபடியும் எழுதலாம். நான் அடுத்த மாசம் எழுதப் போறேன்."

"திட்டுவாங்களா?"

"அங்க திட்ட மாட்டாங்க. இங்கதான் திட்டுவாங்க" என்று அம்மாவைக் காட்டினேன்.

அந்தப் பெண் உட்காரவில்லை. "பொம்பளைங்க ரெண்டு பேருதான்னா, டாய்லெட் இருக்கா?"

இதை இதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. முதல் நாளிலிருந்து என்னைப் படுத்திய விஷயம் அதுதான். "பட்டறைக் கட்டடத்துல இல்ல. லைப்ரரி வரைக்கும் நடக்கணும். மழைன்னா ஓடணும். பழகிரும். இப்ப நாங்க ரெண்டு பேரும் சேந்து கேட்டுக்கிட்டிருக்கோம், கட்டித் தரச் சொல்லி" என்றேன். அவள் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தாள். ஏதோ ஒன்று தீர்ந்த மாதிரி இருந்தது அவள் முகம்.

அதற்குப் பிறகு கேள்விகள் நிற்கவில்லை. ஆனால் ஒன்றுகூட எனக்கு வரவில்லை. எல்லாம் அம்மாவுக்குத்தான். ஹாஸ்டலில் என்ன சாப்பாடு? ராத்திரி கதவைப் பூட்டுவார்களா? கூட யார் படுப்பார்கள்? அம்மா ஒரே ஒரு முறை என் விடுதிக்கு வந்திருக்கிறார். அரைமணி நேரம்தான் இருந்தார். ஆனால் அங்கேயே பிறந்து வளர்ந்தவர் மாதிரி பதில் சொன்னார்.

அந்த இரட்டைச் சடைப் பெண்ணின் அப்பா எழுந்து, தயங்கித் தயங்கிக் கேட்டார். "பொம்பளப் புள்ளையத் தனியா அனுப்பப் பயமா இருக்குதுக்கா. நீங்க எப்படி அனுப்புனீங்க?"

"பயந்துக்கிட்டேதான் அனுப்புனேன். பஸ் ஏத்திவிட்டுட்டு வந்து ரெண்டு நாளு சாப்புடல. மூணாவது நாளு பசிச்சுது. சாப்புட்டேன். அவ்ளோதான்லா."

அன்றைக்கு விடுமுறை வகுப்புக்குப் பெயர் கொடுக்க வந்தவர்கள் மேசையைச் சுற்றி நெருக்கியடித்தார்கள். முந்தின இரண்டு தோட்டங்களிலும் பெயர் கொடுத்தவர்களே இல்லை. அண்ணனிடம் மேஜிக் கற்றுக்கொள்ள வந்தவர்கள் மட்டும்தான் இருந்தார்கள்.

திரும்பும் வழியில் சார் வெகுநேரம் யோசித்துவிட்டு, "அம்மா, அடுத்த ஞாயிறு நீங்க ஃப்ரீயா?" என்று கேட்டார்.

"ஞாயித்துக்கெழம துணி தொவைக்கணும் சார்" என்றார் அம்மா. சொல்லிவிட்டுத் திரும்பி என்னைப் பார்த்தார்.

அப்படியாக, அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் நான் குழாயடியில் உட்கார்ந்து வீட்டுத் துணியெல்லாம் துவைத்தேன். அம்மா நல்ல சேலை கட்டிக்கொண்டு ரொட்டி வேனில் போனார். ஒருவகையில் நல்லதாகப் போனது. துவைத்து முடித்த நேரத்தில் தெர்மோடைனமிக்ஸ் படித்தேன். மறுதேர்வில் பாஸ் ஆனேன். பெரிய மார்க் ஒன்றும் இல்லை. ஆனால் பாஸ்.

மாலையில் அண்ணன் வந்து அன்றைய கதையைச் சொல்லுவார். முதலில் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. மூன்றாவது வாரம், "நீ லைட்டுக்காக ஆபீஸ் வாசல்ல உக்காந்து படிச்சியாமே?" என்று கேட்டார். நான் அப்படிப் படித்ததே இல்லை. அடுத்த வாரம் மண்ணெண்ணெய் தீர்ந்துபோய் நிலா வெளிச்சத்தில் படித்திருந்தேன். அதற்கடுத்த வாரம் அடுப்படிக்குள் ஒரு நாகம் வந்து என் காலுக்குப் பக்கத்தில் படமெடுத்து நின்றது. நான் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

"ஏம்மா, ஏன் இப்படிப் பொய் சொல்றீங்க?"

"பாம்பு வரலையா?"

"வந்துச்சு. நான் கத்திக்கிட்டு பக்கத்து வூட்டுக்கு ஓடிட்டேன். அப்பாதான் அடிச்சாரு."

"நீ ஓடுனத நான் எதுக்குச் சொல்லணும்? அந்தப் புள்ளைங்களும் ஓடவா?" என்றார் அம்மா. சாரிடம் முறையிட்டேன். "தரவுகளில் சிறு மிகை இருக்கு. சொல்லிப் பாக்கிறேன்" என்றார். சொல்லியிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

வருடக் கடைசியில் ஈப்போவில் ஒரு பள்ளியின் ஆய்வுக்கூடத்தை இரவல் வாங்கி வகுப்பைத் தொடங்கினோம். முதல் நாள் காலை வாயிற்காவலர் பதறிக்கொண்டு ஓடிவந்தார். வெளியே போய்ப் பார்த்தால் பிள்ளைகளைவிட அம்மாக்கள் அதிகம். கைக்குழந்தையோடு இரண்டு பேர். போகிற இடமெல்லாம் என் அம்மா, "நீங்களும் கூட வாங்க, பாத்துட்டுப் போங்க, சாப்பாடு இருக்கு" என்று சொல்லி வைத்திருக்கிறார். சாப்பாட்டுக்கு யாரும் ஏற்பாடே செய்யவில்லை. சார் ரொட்டிக்கார நண்பருக்குப் போன் போட்டார். அவர் ரொட்டி அனுப்பினார். அவர் மைத்துனரின் சாப்பாட்டுக் கடையிலிருந்து ஒரு பெரிய சட்டி பருப்புக் கறியும் வந்தது.

அம்மாக்கள் ஆய்வுக்கூடத்தின் பின்சுவரோரம் வரிசையாக நின்றார்கள். அன்றைய முதல் பாடம் பன்சன் விளக்கைப் பற்றவைப்பது. சார் எரிவாயுக் குழாயைத் திறந்ததும் ‘உஸ்’ என்று சத்தம் வந்தது. பின்சுவரிலிருந்து ஒரு அம்மா, "ஐயோ, கேஸு! மூடுங்க சார்!" என்று கூவினார். பிள்ளைகள் எல்லாரும் இரண்டு அடி பின்வாங்கினார்கள். பாகான் டத்தோவின் இரட்டைச் சடைதான் நகரவில்லை. ஈப்போவில் புந்தோங்கில் இருந்த சித்தி வீட்டில் தங்கி வந்துகொண்டிருந்தாள். தீக்குச்சியைக் கிழித்து நீட்டினாள். விளக்கு பற்றிக்கொண்டது. "நம்ம வூட்டு ஸ்டவ்வவிட இது லேசு" என்றாள். பிறகு மற்றவர்களும் வந்தார்கள். மத்தியானம் சாப்பிடக் கூப்பிட்டபோது, "இன்னும் ஒரு தடவ" என்று எந்தப் பிள்ளையும் மேசையை விட்டு அசையவில்லை. அம்மாக்கள்தான் பருப்புக் கறியை முடித்தார்கள்.

வந்தவர்கள் எல்லாரும் விஞ்ஞானி ஆகிவிடவில்லை. சிலர் அடுத்த வருடமே கலைப்பிரிவுக்குப் போனார்கள். சிலர் பினாங்குத் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போனார்கள். பண்ணுக்காக மட்டும் வந்துகொண்டிருந்த ஒரு பையன் இன்றைக்கு வேதியியல் ஆசிரியர். இரட்டைச் சடை, நான் படித்து முடித்துப் போன பிறகு எங்கள் பொறியியல் பகுதிக்கே வந்து சேர்ந்தாள். அதற்குள் பட்டறைக் கட்டடத்தில் பெண்களுக்கான கழிவறை கட்டி முடித்திருந்தார்கள். கதவில் தாழ்ப்பாள் மட்டும் இல்லை. அதை அவள் எழுதி எழுதி வாங்கினாள்.

எண்பதுகளில் நான் ஈப்போவுக்குப் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் பொறியாளராக வேலைக்குச் சேர்ந்தேன். சொந்தமாக மோட்டார் சைக்கிள் வாங்கினேன். சாரும் அம்மாவும் அப்போதும் தோட்டங்களுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லாததால், காம்பார் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் கூட்டம் என்று தெரிந்து, சொல்லாமல் கிளம்பிப் போனேன். நான் போனபோது கூடம் நிறைந்திருந்தது. அம்மா மைக்கைப் பிடித்திருந்தார். மைக் கத்தவில்லை, அதைப் பிடிக்கும் கலையை எப்போதோ கற்றுக்கொண்டுவிட்டார். நான் கடைசி பெஞ்சில் ஒரு பெண்ணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

பாம்பு வந்தது. இந்தமுறை இரண்டு பாம்பு.

பக்கத்துப் பெண் கன்னத்தில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். "அந்தப் புள்ள எவ்ளோ கஷ்டப்பட்டிருக்கு பாரு" என்றார் என்னிடம்.

"ஆமாங்க்கா. கொஞ்சம் கஷ்டந்தான்."

"இப்ப எங்க இருக்கோ?"

"ஈப்போவுலதான் இருக்கா."

"நீ பாத்திருக்கியா?"

"அடிக்கடி பாப்பேன்."

"பொம்பள எஞ்சினியருன்னா ரொம்பக் கர்வமா இருக்குமோ?"

"அதெல்லாம் இல்ல. அவங்க அம்மாதான் கொஞ்சம்" என்றேன்.

அவர் சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, தன் மகளும் மூன்றாம் படிவம் என்றும், அந்த ஈப்போ வகுப்புக்கு அனுப்பலாமா என்று யோசிப்பதாகவும், ஈப்போவில் தனக்கு யாரையும் தெரியாது என்றும் சொன்னார். காம்பாரில் எந்த பஸ் ஏற வேண்டும், ஈப்போவில் எங்கே இறங்க வேண்டும், பள்ளியின் எந்தக் கதவு திறந்திருக்கும் என்று சொன்னேன். அவர் அதைத் திருப்பி என்னிடமே ஒப்பித்தார். இறங்கும் இடத்தைத் தப்பாகச் சொன்னார். நான் மறுபடியும் சொன்னேன். முன்னால் அம்மா பேசிக்கொண்டே இருந்தார். நாங்கள் இருவரும் தலையைக் குனிந்துகொண்டு, அவர் கண்ணில் படாமல், பஸ் விஷயத்தைச் சரியாக வரும்வரை சொல்லிப் பார்த்தோம்.